திடலிலிருந்து தேர்தலுக்கு: பல்வாங்கர் பாலு



கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தைப் பார்க்காதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். தேசியக் கொடி பறக்கும் அந்தப் பசும்புல் வெளி, ஒரு காலத்தில் சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடலாக விளங்கியது. 1909இல் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் என்பவர், 1932 ஜூன் மாதம் லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இடம்பெற்றார். நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்குக் கிடைத்த பெருமை அது. அதே 1932இல், செப்டம்பர் மாதம், இன்னொரு கிரிக்கெட் வீரர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அவர்தாம் பல்வாங்கர் பாலு. அவருடைய கதையைத்தான் இன்று நாம் கேட்கப்போகிறோம்.

பாலு 1876இல் தார்வாரில் பிறந்தார். தோல் தொழில் செய்யும் குடும்பம். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சமூகம். தந்தையார் இராணுவத்தில் ஊழியம் பார்த்ததால் பிள்ளைகள் புனாவில் வளர்ந்தனர். வெள்ளைக்காரர்களின் புனா கிளப்பில் பாலுவுக்கு வேலை கிடைத்தது. திடலைச் செப்பனிடுவதும், வலை கட்டுவதும், துரைமார் பயிற்சி செய்யும்போது பந்து வீசுவதும் அவருடைய பணிகள். மாதச் சம்பளம் 4 ரூபாய்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மட்டை பிடிப்பது அந்நாளில் கௌரவம். வெயிலில் நின்று பந்து வீசுவதோ கூலி வேலை. நம் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருந்த கோடு அந்தத் திடலிலும் இருந்தது. கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் நாள்தோறும் முன்கூட்டியே வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் 8 அணா தருவார் என்றும் சொல்வதுண்டு. ஆனால், பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னவர் எவருமில்லை.

அந்தக் கூலி வேலையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. இடக்கையால் பந்தைச் சுழற்றுவார். கையசைவு மாறாது; வேகம் மாறும், திருப்பம் மாறும். எதிரே நிற்பவர் எதை நம்பி மட்டையை வீசுவது?

புனாவிலிருந்த இந்துக்களின் அணிக்கு அவர் தேவைப்பட்டார். அணியில் சேர்த்துக்கொண்டார்கள். திடலுக்குள் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்ததும் நிலைமை மாறிவிடும். மற்றவர்கள் கூடாரத்துக்குள் பீங்கான் கோப்பையில் பருக, பாலு மட்டும் வெளியே நிற்பார். அவருக்கு மண் குவளையில் தேநீர் வரும். குடித்தபின் எறிந்துவிடலாம் அல்லவா!

பின்னர் அவர் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து இந்து ஜிம்கானாவுக்காக ஆடினார். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அந்த ஆட்டத்தில் பாலு வீழ்த்திய விக்கெட்டுகள் 8. 1911இல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பல ஆட்டங்களில் தோற்றது. ஆனால், பாலு மட்டும் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார்.

இத்தனைக்குப் பிறகும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1913இல் தலைவராக்கப்பட்ட பாய் என்பவரே, இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். 1920இல் பாலு அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, அவருடைய தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். விவகாரம் பத்திரிகைகளில் பெரிதாயிற்று. பின்னர் பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். 1923இல் தம்பி விட்டல் அணித்தலைவரானார். அண்ணனுக்கு மூடியிருந்த கதவு தம்பிக்குத் திறந்தது.

அரசியலில் அவருடைய பாதை எளிதாக இருக்கவில்லை. 1932 ஆகஸ்டில் ஆங்கில அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி முறையை அறிவித்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் புனா உடன்படிக்கை உருவாயிற்று. தனித்தொகுதி கைவிடப்பட்டது, அதற்கு ஈடாக மாகாண சபைகளில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 71லிருந்து 148 ஆக உயர்ந்தன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். ஒப்பமிட்டவர்களுள் டாக்டர் அம்பேத்கர், தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோருடன் பாலுவும் ஒருவர்.

1933இல் பம்பாய் மாநகராட்சித் தேர்தலில் நின்றார், வெற்றி கிட்டவில்லை. 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை யாரை எதிர்த்து நிறுத்தியது தெரியுமா? டாக்டர் அம்பேத்கரை! இளமையில் பாலுவின் ஆட்டத்தைத் தம் மக்களின் பெருமையாகக் கருதியவர் அம்பேத்கர். அவருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225.

இருவரும் ஒரே நோயைக் கண்டவர்கள், மருந்தில்தான் வேறுபட்டார்கள். மற்றவரோடு சேர்ந்து நின்றே அவர்கள் மனத்தை மாற்றலாம் என்று பாலு எண்ணினார். திடல் அவருக்குக் கற்பித்த பாடம் அது. உரிமையும் அதிகாரமும் கையில் இல்லாதவனுக்குப் பிறர் மனமாற்றத்தை நம்பிக் காத்திருக்க இயலாது என்றார் அம்பேத்கர். அதற்கும் பாலுவின் வாழ்க்கையே சான்று. அவர் திறமையால் அணிக்குள் நுழைந்தார். ஆனால், அந்தத் திறமை மட்டும் அவரைத் தலைவராக்கப் போதவில்லை.

1955 ஜூலை 4ஆம் நாள் பாலு காலமானார். டெஸ்ட் ஆட்டம் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. இந்தியா அதில் காலடி வைத்தபோது அவருக்கு வயது 56.

நேயர்களே, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாலை நேரத்தில் நம் பிள்ளைகள் ஒன்றாக ஆடுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று பந்து கேட்பதில்லை. ஆட்டம் முடிந்து தண்ணீர் அருந்தும்போதும் அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.