மலிவுக் கணினியின் முழுக் கணக்கு

நூறு டாலருக்கு ஒரு மடிக்கணினி. 2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டி அதன் மாதிரியைக் காட்டியபோது, எல்லோர் கண்ணும் பக்கவாட்டுக் கைப்பிடி மேல்தான். சுற்றினால் மின்சாரம் வரும். மின்கம்பம் எட்டாத ஊர்ப் பிள்ளையும் படிக்கலாம். 2007இல் உற்பத்திக்கு வந்தபோது கைப்பிடி இல்லை. விலையும் இருநூறு டாலரை நெருங்கிவிட்டது. வெயிலிலும் படிக்க முடிகிற திரை மட்டும் அருமையான வேலை. பெங்களூரின் சிம்ப்யூட்டர், 2011இன் ஆகாஷ் என்று இந்திய முயற்சிகளும் வந்து போயின.

கேரளம் வேறு பக்கத்திலிருந்து கணக்குப் போட்டது.

திருவனந்தபுரத்தில், பூஜப்புராவில் இருக்கிறது 'கைட்' நிறுவனம். 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய அரசுத் திட்டம் 2017இல் நிறுவனமாக மாறியது. மென்பொருள் உரிமக் கட்டணமே வேண்டாம் என்று பள்ளிக் கணினிகளில் லினக்ஸை ஏற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் பிள்ளைகளே அனிமேஷனும் எலக்ட்ரானிக்ஸும் ஹார்டுவேரும் கற்கிறார்கள். இதுதான் பெரிய காரியம். பழுதானதைத் திறந்து பார்க்க ஆளில்லாத பள்ளியில் எந்த மலிவுக் கணினியும் ஒரு வருஷத்தில் மூலைக்குப் போய்விடும்.

இணையம் எட்டாத இடத்துக்கும் வழி தேடினார்கள். 2010இல் மலையாள விக்கிப்பீடியர்கள் 500 கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துக் குறுந்தகடாக வெளியிட்டார்கள். 2020 ஜூனில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, 2005 முதல் இயங்கும் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் ஓடின.

மிச்சம் இருப்பது மின்சாரம். மேஜைக் கணினியும் திரையும் சேர்ந்தால் நூறு வாட் வரை இழுக்கும். 2012இல் 35 டாலருக்கு வந்த, கேரள அரசு 2015இல் மாணவர்களுக்குக் கொடுத்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி சில வாட்டிலேயே ஓடும். பாடங்களை மெமரி கார்டிலேயே ஏற்றிவிடலாம். ஆனால் திரையும் கீபோர்டும் தனிச் செலவு, அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். விலை விளம்பரங்களில் இது வருவதில்லை. சோலார் தகடு, பேட்டரி அளவைத் தீர்மானிக்கும்போதும் மார்ச் மாத வெயிலை நம்பக் கூடாது. கேரளத்தில் பள்ளி திறப்பது ஜூனில். தென்மேற்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்குகிறது. நாள் கணக்கில் மேகம் மூடினாலும் வகுப்பு நடக்கிற அளவுக்கு பேட்டரி வாங்கப் பணம் ஒதுக்க வேண்டும்.