நாணல் படுகை போடும் முன் ஆற்றை அளப்பது

நாணலும் கோரையும் கல்வாழையும் நட்டால் சாக்கடையான ஆறு சுத்தமாகிவிடும் என்று ஒரு வீடியோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாட்சப்பில் சுற்றி வருகிறது. எங்கள் பக்கத்து ஓடை ஆற்றில் கலக்கும் இடத்தில் அப்படி ஒன்று போட வசூல் ஆரம்பிக்கலாமா என்று நண்பர்கள் குழுவில் கேட்டார்கள். கொஞ்ச நாள் உட்கார்ந்து படித்ததில் எனக்குக் கிடைத்த பதில்: ஆகும், ஆனால் எல்லா அழுக்குக்கும் ஆகாது. எந்த அழுக்கு என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். அந்த அளவை எப்படிப் படிப்பது என்பதில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள்.

அதிகம் அடிபடும் அளவு பி.ஓ.டி. தண்ணீரில் இருக்கும் மக்கும் பொருளைத் தின்று முடிக்க பாக்டீரியாக்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்பதுதான் அது. பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, ஆக்சிஜனை அளந்து, இருட்டில் வைத்து, சில நாள் கழித்து மறுபடி அளப்பார்கள். உலகம் முழுக்க 5 நாள் கணக்கு. பிரிட்டனின் கழிவுநீர் ராயல் கமிஷன் 1912-இல் வைத்த கணக்கு இது. அந்த நாட்டு ஆறு எதுவும் கடல் சேர 5 நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதுதான் காரணமாம். நம் ஊரில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைக்கிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரையின் எண்ணை நம் எண்ணோடு அப்படியே ஒப்பிடும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வைத்து ஐந்து வகையாகப் பிரிக்கிறது. குளிக்கத் தகுந்த தண்ணீர் என்றால் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது, 100 மில்லிக்கு மொத்த கோலிஃபார்ம் 500-ஐத் தாண்டக் கூடாது. பாசனத்துக்கான கடைசி வகையில் பி.ஓ.டி. பேச்சே இல்லை, அங்கே உப்புதான் கணக்கு. மின்கடத்துத்திறன் 2250-க்குள் இருக்க வேண்டும், சோடியமும் போரானும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். எனக்கு இந்தப் பட்டியல் பிடிக்கும். ஏனென்றால் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும்.

இதற்கு மாறாக எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் குறுக்கும் "நீர்த்தரக் குறியீடு" என்று ஒன்று இருக்கிறது. 1970 வாக்கில் அமெரிக்காவில் உருவானது பிரபலம். ஒன்பது அளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. மலக் கோலிஃபார்முக்கு 0.16. இப்போது எட்டு அளவுகளிலும் 90 மதிப்பெண், கோலிஃபார்மில் மட்டும் 5 என்று வைத்துக்கொள்வோம். எடை போட்டுக் கூட்டினால் 76 வருகிறது. அந்த அட்டவணைப்படி அது "நல்ல" தண்ணீர்! கூட்டாமல் பெருக்கல் முறையில் போட்டால் 57, அதாவது "நடுத்தரம்". இருப்பதிலேயே மோசமானதை எடுத்தால் வெறும் 5. ஒரே பாட்டில் தண்ணீர், மூன்று தீர்ப்பு. பத்து சர்வரில் ஒன்பது ஓடுகிறது, செயலி 90 சதவீதம் நன்றாக இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்வது மாதிரிதான். செத்துப்போன பத்தாவது பேமென்ட் சர்வராக இருந்தால்?

மாதிரி எடுக்கும் நேரமும் ஏமாற்றும். பாசி நிறைந்த தண்ணீரில் மதியம் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும், வெயிலில் பாசி உற்பத்தி செய்வதால். இரவு முழுக்க அதே பாசி மூச்சுவிட்டு ஆக்சிஜனைக் காலி பண்ணும். மீன் சாவது விடியற்காலையில். பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து பாட்டில் பிடிப்பவருக்கு அது தெரியாது.

சரி, நாணல் படுகைக்கு வருவோம். ஜெர்மனியில் பிளோன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் நீர்த்தாவரங்களை வைத்துச் சோதனை செய்ததில் தொடங்குகிறது கதை. அவரோடு வேலை பார்த்த ரைன்ஹோல்ட் கிக்குத்தின் வடிவமைப்பில் 1974-இல் ஓத்ஃப்ரெசன் என்ற ஊரில் முழு அளவிலான படுகை ஓட ஆரம்பித்தது. கிக்குத் களிமண் கலந்த மண்ணை நிரப்பினார். வேர்கள் போகப்போக மண்ணில் வழி உண்டாக்கும் என்பது நம்பிக்கை. நடைமுறையில் தண்ணீர் மேலாகவே வழிந்து ஓடியது. இப்போது எல்லோரும் ஜல்லியும் மணலும்தான் போடுகிறார்கள்.

சுத்தம் செய்வது செடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி வேலை ஜல்லியின் மேல் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாக்களுடையது. செடி நேரடியாக உறிஞ்சும் சத்து கொஞ்சம்தான். ஆனால் காற்றில் தண்டு ஆடும்போது மேற்பரப்பு இளகி, படுகை அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறது. தண்ணீர் ஜல்லி மட்டத்துக்குக் கீழேயே ஓடுவதால் கொசுத் தொல்லையும் இல்லை. ஆரோவில்லில் இவை பல ஆண்டுகளாக ஓடுகின்றன. அங்கேயும் முன்னால் ஒரு தொட்டியில் கசடைத் தங்க வைத்த பிறகுதான் படுகைக்கு விடுகிறார்கள். இந்தத் தொட்டியை மிச்சம் பிடித்தால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். பிறகு மொத்தத்தையும் தோண்டி எடுத்துக் கழுவ வேண்டியதுதான்.

எவ்வளவு இடம் வேண்டும்? சூத்திரம் எளிது: ஒரு நாள் தண்ணீரின் கனமீட்டரை, உள்ளே வரும் பி.ஓ.டி.க்கும் வெளியே போகும் பி.ஓ.டி.க்கும் உள்ள விகிதத்தின் இயல்மடக்கையால் பெருக்கி, ஒரு மாறிலியால் வகுக்க வேண்டும். மாறிலியைக் கிக்குத் 0.19 என்று வைத்தார். பிறகு டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் ஓடும் படுகைகளை அளந்தபோது 0.1, சில இடங்களில் அதற்கும் கீழே. நம் வெயிலுக்குக் கூடுதலாகவே வரும் என்றாலும் நான் பத்திரமாக 0.1 வைக்கிறேன். 100 பேர், தலைக்கு 108 லிட்டர் கழிவுநீர், தொட்டியைத் தாண்டி 150-ஆக வருவதை 20-ஆகக் குறைக்க வேண்டும். விடை சுமார் 218 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் சொன்னால் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒரு கிரவுண்டு.

ஒரு அடுக்ககத்துக்கோ கிராமத்துக்கோ இது நடக்கிற காரியம். சென்னை மாநகராட்சியின் சுமார் 67 லட்சம் பேருக்குப் போட்டால் 14.6 சதுர கிலோமீட்டர், ஐந்து கிண்டி தேசியப் பூங்காக்களுக்கும் மேல். கூவத்தை நாணலால் மீட்கலாம் என்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவும் பி.ஓ.டி.க்கு மட்டும்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும். எப்போதும் நனைந்தே கிடக்கும் படுக்கைவாட்டுப் படுகையில் அது போதாது. மேலிருந்து விட்டுவிட்டுப் பாய்ச்சி வடியவிடும் செங்குத்துப் படுகை இதைச் செய்யும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்போமே, அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் மூன்று படுகை வைத்து ஒன்றுக்கு மூன்றரை நாள் பாய்ச்சி, பிறகு ஒரு வாரம் காயப்போடுகிறார்கள். பாஸ்பரஸை ஜல்லி சில காலம் பிடித்து வைக்கும், நிரம்பியதும் விட்டுவிடும். கிருமியில் 99 சதவீதம் போய்விட்டது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கோடியில் 99 சதவீதம் போனாலும் மிச்சம் ஒரு லட்சம். அதில் குழந்தைகளைக் குளிக்க விட முடியாது.

உப்பை இது தொடவே தொடாது. நொய்யலைப் பாருங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவில் முக்கியப் பிரச்சினை கரைந்த உப்பு. 1992-இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு வந்து, சாயநீர்த் தேக்கமாகிப் போனது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு வந்தது. அங்கே எத்தனை ஏக்கர் நாணல் நட்டிருந்தாலும் உப்பு குறைந்திருக்காது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, வெளியே வருவதில் அடர்த்தி கொஞ்சம் கூடியேயிருக்கும்.

அதனால் குழுவுக்கு எழுதியது இது. வசூலுக்கு முன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி ஓடையில் ஒரு வாரம் தினமும், இரவிலும் ஒருமுறை, வைத்துப் பார்க்கலாம். திடீரென்று எகிறினால் மேலே ஏதோ பட்டறை விடுகிறது. அது நாணலுக்கான வேலை இல்லை, புகார் மனுவுக்கான வேலை. எகிறவில்லை என்றால் விடியற்காலை ஆக்சிஜன், பி.ஓ.டி., அம்மோனியா மூன்றையும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். ஓடைக்குள்ளேயே செடி நடும் யோசனையை விட்டுவிட வேண்டும், ஐப்பசி மழையில் ஜல்லியோடு போய்விடும். படுகை கரையில்தான். ஓடையில் விடுபவர்கள் சுமார் 3000 பேர். என் கணக்குப்படி 1.6 ஏக்கர் தேவை. கரையில் இருக்கும் புறம்போக்கு அரை ஏக்கர். கிழக்குத் தெருச் சாக்கடையை மட்டும் திருப்பிவிட்டால் தொள்ளாயிரம் பேர் கணக்கு அதில் அடங்கும்.