கனியும் ஈரலும்

கொழுந்து பறித்த கூலியில் ஒரு பங்கைத் தோடம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் செலவிட்டு, குடிக்கும் கணவன் ஈரலைக் காக்க முயலும் தாய்மாரை டயகமத் தோட்ட லயங்களிற் காணலாம். அன்பு பெரிது, அப்பழம் ஈரலைக் காக்குமா?

உட்கொண்ட மது குருதியிற் கலந்து ஈரலை அடைகின்றது. ஆங்கு அது முதலில் அசற்றலிடிகைட்டு என்னும் நஞ்சாக மாறுகின்றது. அந்நஞ்சு ஈரற் கலங்களை வருத்துகின்றது. நாளடைவிற் கொழுப்புப் படியும். சிலர்க்கு அழற்சி தோன்றும். ஈற்றில் தழும்பு நிறைந்து ஈரல் இறுகும்.

குடிப்போர் பலர் சோற்றைக் குறைத்துக்கொள்வர். அதனால் உண்டாகும் உயிர்ச்சத்து 'சி'க் குறையைக் கொய்யா நன்கு நிரப்பும். ஆயின் அவர்க்குப் பெரிதும் குறைவுபடும் தயமின் என்னும் 'பி 1' பழங்களிற் சொற்பமே. பயறும் கடலையும் அதனை மிகுதியாகத் தருவன. சில பழச்சாறுகள் எலிகளின் ஈரற் சேதத்தைக் குறைத்தன என்பது மெய்; குடித்துக்கொண்டே இருக்கும் மனிதர்க்கு அது காப்பாகும் என நிறுவப்படவில்லை. காமரங்காயோ, சிறுநீரகம் நலிந்தார்க்கு நஞ்சேயாகும். 'மருந்து' என அதனைப் பிழிந்து கொடுத்தல் கூடாது.

குடியை விட்டால், கொழுப்புப் படிந்த ஈரல் பெரும்பாலும் சில வாரங்களிலேயே தேறும். தழும்பேறிய ஈரல் அவ்வளவு எளிதில் மீளாது. எனினும் கேடு மேலும் வளர்வது தணியும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.