ஒரு நாவலும் 295 சொற்களும்

நம் பிள்ளைகள் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனால் போட்டித் தேர்வு என்று வந்துவிட்டால், கடினச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு உருப்போடத் தொடங்குகிறார்கள். அப்படிப் படித்த சொல் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோகிறது. இதற்கு ஒரு மாற்று வழியை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நல்ல பழைய நாவல் ஒன்றை, சுருக்கப் பதிப்பாக இல்லாமல், முழுதாகப் படிப்பதுதான் அது.

நான் தமிழ் மீடியத்தில் படித்து, டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். ஓய்வு பெற்றபின் சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பென்சிலும் அகராதியுமாகப் படித்தேன். 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல் இது. மொத்தம் 59 அத்தியாயங்கள். பிப் என்ற அநாதைச் சிறுவனையும், அவனை அன்போடு வளர்க்கும் அக்காள் கணவன் ஜோ என்ற கொல்லனையும் பற்றிய கதை.

தலைப்பே முதல் பாடம். எக்ஸ்பெக்டேஷன் என்றால் எதிர்பார்ப்பு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்நாளில் அதையே பன்மையில் சொன்னால், பிற்காலத்தில் வந்து சேரவிருக்கும் சொத்து என்று பொருள். பிப்பைத் தேடி வரும் வக்கீல் அந்தப் பொருளில்தான் பேசுகிறார்.

அடுத்து ‘பிரீமியம்’. நமக்கு அது ஆயுள் காப்பீட்டுக்குக் கட்டும் தவணை. பிப்பைத் தொழில் பழகச் சேர்க்கும்போது, ஜோ பிரீமியம் எதிர்பார்த்தாரா என்று செல்வச் சீமாட்டி மிஸ் ஹாவிஷாம் கேட்கிறாள். பையனுக்குத் தொழில் கற்றுத்தர ஆசானுக்குக் கொடுக்கும் தொகை என்பது அங்கே பொருள். ஜோ எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் 25 கினி தருகிறாள். ஒரு கினி 21 ஷில்லிங். ஆக, 26 பவுன் 5 ஷில்லிங்!

அதே இடத்தில் வருகிறது ‘இன்டென்ச்சர்’, அதாவது தொழில் பழகும் ஒப்பந்தப் பத்திரம். பழங்காலத்தில் ஒரே தாளில் இரண்டு பிரதி எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி வைத்துக்கொள்வார்களாம். பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. ‘டென்டிஸ்ட்’ அதே குடும்பம். ஸ்டோர்ஸுக்கு நாங்கள் வருஷக்கணக்காக எழுதிப்போட்ட ‘இன்டென்ட்’டும் அதே குடும்பம்தான் என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பனில் போய் இறங்கியது 1860 நவம்பர் 16. இந்த நாவல் தொடங்குவதற்கு இரண்டே வாரம் முன்பு. அவர்களைக் கட்டிப்போட்ட பத்திரத்தின் பெயரும் இன்டென்ச்சர். இத்தனையும் தெரிந்தபின் அந்தச் சொல் மறக்குமா?

‘ஃபோர்ஜ்’ என்பது ஜோவின் உலைக்களம். அதே கதையில் மோசடிக்காரன் ஒருவன் கள்ளக் கையெழுத்துப் போடுகிறான். அதுவும் ‘ஃபோர்ஜ்’தான்! இரும்பை அடித்து உருவாக்குவதற்கும் இல்லாததை உருவாக்குவதற்கும் ஒரே சொல். நம் ‘புனைதல்’ என்ற சொல்லிலும் இந்த இரண்டு வழியும் உண்டு அல்லவா?

படிக்கும் முறை எளிது. தினம் ஓர் அத்தியாயம். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் கதை நின்றுவிடும். அடியில் கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். அத்தியாயம் முடிந்ததும் முக்கியமான ஐந்து சொற்களுக்கு மட்டும் பொருள் பாருங்கள். நோட்டில் சொல், அதை யார் எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், அதற்கு ஈடான தமிழ்ச் சொல் என்று மூன்றையும் எழுதுங்கள். இரண்டே மாதத்தில் 295 சொற்கள். ஜோவின் பேச்சு மட்டும் படிக்காதவர் பேச்சாக, எழுத்துப் பிழைகளோடு எழுதப்பட்டிருக்கும். அதை ரசிக்கலாம், நோட்டில் ஏற்ற வேண்டாம்.

மூன்றாவதாகச் சொன்ன தமிழ்ச் சொல்லுக்குத்தான் வீட்டுப் பெரியவர்கள் தேவை. உச்சரிப்பைப் பேரப்பிள்ளைகள் சொல்லட்டும். உலைக்களம், துருத்தி, சம்மட்டி, அரம் எல்லாம் நாம் சொல்வோம். வெளி மாநிலத்தில் வளரும் குழந்தைக்கு இந்தச் சொற்களைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க இன்னொரு காரணமும் உண்டு. சீட்டாடும்போது ‘நேவ்’ என்ற சீட்டை ‘ஜாக்’ என்று சொன்னதற்காக எஸ்டெல்லா என்ற சிறுமி பிப்பை ஏளனம் செய்கிறாள். அந்த ஒரு சொல்லில் அவனுக்குத் தன் வீட்டைப் பற்றியே வெட்கம் வந்துவிடுகிறது. பின்னாளில் லண்டனுக்குத் தன்னைப் பார்க்க வரும் ஜோவின் பேச்சுக்கும் நடைக்கும் கூசுகிறான். பெற்றோரின் ஆங்கிலத்தைக் கேட்டு நண்பர்கள் முன் நெளியும் பிள்ளைகள் நம்மிடையிலும் உண்டு. அவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இன்று ஆங்கிலத்தில் அந்தச் சீட்டுக்குப் பொதுவாக வழங்கும் பெயர், பிப் சொன்ன ‘ஜாக்’தான்.