சிறுநீரகம் கொடுப்பவரின் கால்களையும் கவனியுங்கள்

வரதய்யபாளையம் போன்ற எல்லையோர ஊர்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானால், குடும்பத்தார் திருப்பதிக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ செல்வது வழக்கம். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் நடந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். உறுப்பு மாற்றுக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவினர் உறுப்பு தர வழி செய்கிறது. ஆகவே, வெளிநாட்டில் வாழும் நம்மில் பலரும் அண்ணனுக்காகவோ அம்மாவுக்காகவோ விமானம் ஏறுகிறோம்.

சிகிச்சை முடிந்ததும் எல்லோர் கண்ணும் சிறுநீரகம் பெற்றவர் மீதே இருக்கும். கொடுத்தவர் ஆரோக்கியமானவர்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அவருக்கும் நடந்தது பெரிய அறுவை சிகிச்சை. அதன்பின் உடல் இரத்தத்தை உறைய வைக்க முனைகிறது. அசையாமல் படுத்திருந்தால் கால்களில் இரத்த ஓட்டமும் மந்தமாகும். அப்போது ஆழ்ந்த சிரைகளில் இரத்தக்கட்டி உண்டாகலாம். அது நழுவி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இது அரிதுதான், பெரும்பாலும் தடுக்கக்கூடியதும்கூட.

முன்பு கட்டி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா, புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்க வேண்டும். "எழுந்திருக்காதே கண்ணு, படுத்திரு" என்று அன்பால் தடுக்காதீர்கள். ஹெப்பாரின் ஊசியோ இறுக்கமான காலுறையோ தந்தால், சொன்ன நாள்வரை விடாதீர்கள்.

வீடு திரும்பிய பின்னும் சில வாரங்களுக்கு இந்த அபாயம் உண்டு. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் கட்டி உண்டாகும் வாய்ப்பை ஏறக்குறைய இரு மடங்காக்குவதாக உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. ஆகவே விடுமுறை முடிகிறதே என்று திரும்பும் நாளை முன்பே முடிவு செய்யாதீர்கள். மருத்துவர் சொன்னபின் புறப்படுங்கள். காரில் போனாலும் இடையிடையே இறங்கி நடங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

கொடுத்த உள்ளம் பெரியது. அந்த உடலையும் பேணுவது நம் கடமையல்லவா?