பொதிமாடு சென்ற வழி: பதுளையிலிருந்து வேடர் நாட்டினூடே மட்டக்களப்புக்கு

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், நாற்புறமும் மலை சூழ அமைந்துள்ளது. இங்கு நெல் விளையும், பாக்கு விளையும், மிளகும் விளையும். விளையாத பொருள் ஒன்று உண்டு. அஃது உப்பு. ஊவாவின் பழைய வாணிக வழிகளை ஆராயப் புகுவோர் இவ்வொரு பொருளை மனத்திற் கொண்டாற் போதும். வழிகள் தாமே புலப்படும். தெற்கே அம்பாந்தோட்டை உப்பளங்களை நோக்கி வெல்லவாயாவினூடே ஒரு வழி இறங்கிற்று. கிழக்கே மட்டக்களப்பை நோக்கி மற்றொரு வழி இறங்கிற்று. பின்னதே ஈண்டு ஆராயப்படுவது.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை மலைகளைக் கடந்து பிபிலைக்கு இறங்கி, மகா ஓயாவினூடே செங்கலடியை அடையும் இன்றைய நெடுஞ்சாலை பெரும்பாலும் இவ்வழியின் போக்கையே தழுவியது. ஆயினும் பழைய வழி ஒரே கோடாக இருந்ததன்று. பல ஒற்றையடிப் பாதைகளின் பின்னலே அது. அவற்றுள் ஒரு கிளை வடக்கே மகாவலிக் கரையிலுள்ள மகியங்கனைக்கு இறங்கி, அங்கிருந்து தம்பானைக் காடுகளினூடே கிழக்கே திரும்பும். மகியங்கனையைச் சூழ்ந்த இந்நிலப்பரப்பே பிந்தன்னை எனப்படுவது. 1602 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற் கரையிறங்கிய ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன், கண்டியரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணப் பிந்தன்னை வழியாகவே சென்றான். அயல்நாட்டுத் தூதனும் உப்புப்பொதி சுமந்த எருதும் ஒரே வழியைப் பயன்படுத்திய காலம் அது.

செங்குத்தான மலைப்பாதையில் வண்டி செல்லாது. ஆகவே எருதுகளின் முதுகில் இருபுறமும் பொதி தொங்கவிட்டு, அவற்றை வரிசையாக ஓட்டிச் செல்வர். இவ்வரிசைக்குத் தவளம் என்பது பெயர். சிங்களத்திலும் தமிழிலும் இச்சொல் வழங்குகின்றது. தமிழ்க் கல்வெட்டுகளில் வணிகர் கூடுமிடத்தைக் குறிக்கும் ‘தாவளம்’ என்னும் சொல்லை இஃது நினைவூட்டுவது ஆராயத்தக்கது. தவளம் ஓட்டியோருட் பெரும்பாலோர் சோனகர். மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுள் ஏறக்குறைய 4,000 பேரை 1626 ஆம் ஆண்டளவிற் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கடற்கரையையும் மலையரசையும் இணைக்கும் தொழில் அவர்தம் வழித்தோன்றல்களுக்கு இயல்பாகவே வாய்த்தது. உப்பு, கருவாடு, துணி முதலியன மேலே ஏறின. பாக்கு, தேன், மெழுகு, உலர்ந்த மான் இறைச்சி முதலியன கீழே இறங்கின.

இவ்வழியில் நடப்பவர் கண்டு வியக்கத்தக்கது பிபிலையை அடுத்த நில்கலைப் பகுதி. மலைநாட்டின் அடர்காடும் தாழ்நிலத்தின் உலர்காடும் அல்லாத ஒரு தனி நிலம் அது: இடுப்பளவுக்கு வளரும் புல், இடையிடையே மரங்கள். அம்மரங்களை நெருங்கிப் பார்ப்பின் அவை கடுக்காய், தான்றி, நெல்லி எனக் காணலாம். திரிபலைச் சூரணத்துக்கு வேண்டிய மூன்றும் ஒரே வெளியில் நிற்கின்றன! ஆண்டுதோறும் புல்வெளியிற் பரவும் தீயைத் தாங்கும் வன்மை இம்மரங்களுக்கு உண்டு என்பர் தாவரவியலார்.

இனி, காட்டுக்கு உரியவராகிய வேடரைப் பற்றிக் கூறவேண்டும். தம்மை வன்னியலெத்தோ, அதாவது காட்டில் வாழ்வோர், என அழைத்துக்கொள்ளும் இம்மக்களின் வாணிகமுறை உலகறிந்த ஒன்று. கண்டியரசிற் பல்லாண்டு சிறையிருந்து மீண்ட ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட தன் நூலில் அதனை விவரிக்கின்றான். அம்பு வேண்டிய வேடன் இரவில் வந்து, கொல்லனுடைய பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, அதனருகே தனக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வான். கொல்லன் அவ்வடிவிற் செய்து வைப்பின் மேலும் இறைச்சி வரும்; செய்யாது விடின் தீங்கு வரும். கொடுப்போனும் கொள்வோனும் முகம் காண்பதில்லை. 5 ஆம் நூற்றாண்டில் இத்தீவுக்கு வந்த சீனத்துறவி பாகியானும், முகம் காட்டாது பண்டமாற்றுச் செய்தோரைப் பற்றிய கதையொன்றைக் குறித்துள்ளார்.

இதனை அச்சத்தின் விளைவென்றே பலர் கொள்வர். அச்சம் இருந்திருக்கலாம். எனினும் அச்சம் மட்டும் ஒரு வாணிகத்தை நெடுங்காலம் நிலைநிறுத்தாது. இறைச்சியை எடுத்துக்கொண்டு வாளாவிருக்கக் கொல்லனால் இயலும். அம்பைப் பெற்றுக்கொண்டு மீளாதிருக்க வேடனாலும் இயலும். இருவரும் அங்ஙனம் செய்யவில்லை. எழுத்தும் சாட்சியும் காவலரும் இல்லாத காட்டில் வாணிக வழியைத் திறந்து வைத்தது இந்த ஒழுங்கே எனல் வேண்டும்.

அவ்வொழுங்கு குலைந்தமைக்கு அரசியலே காரணம். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தக் கம்பனியின் கைக்குச் சென்றது. மலைநாட்டார் உண்ணும் உப்புக்கும் பிறர் இசைவு வேண்டியதாயிற்று. 1815 இற் கண்டியரசு பிரித்தானியர் வசமானது. அவர்கள் தவளம் ஓட்டும் சோனகரின் உதவியை நாடி, 1817 இல் வெல்லச நாட்டுச் சோனகருக்குத் தனித் தலைவராக ஹாஜி என்பாரை முகாந்திரமாக நியமித்தனர். உள்ளூர்த் திசாவையின் அதிகாரம் இதனாற் குறைந்தது. வாணிகத் துணைவராக வந்துபோனவர் ஆட்சியாளரின் கையாட்களாகக் கருதப்படலாயினர். அதே ஆண்டிற் பிந்தன்னை வேடரிடையே, தன்னை நாயக்க மரபினனாகிய துரைசாமி எனக் கூறிக்கொண்ட ஒருவன் தோன்றினான். விசாரிக்கச் சென்ற ஹாஜி முகாந்திரம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். பதுளையிலிருந்து சென்ற உதவி அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். ஊவாக் கிளர்ச்சி மூண்டது. 1818 இல் அஃது அடக்கப்பட்டபோது ஊர்களும் வயல்களும் அழிந்து கிடந்தன.

பின்னர் வண்டிச் சாலைகள் வந்தன. 1924 இற் புகைவண்டி பதுளையை எட்டியது. மூட்டை உப்பு மேற்கிலிருந்து மலிவாக வந்திறங்கிய பின்னர்த் தவளத்துக்கு வேலை ஏது?

இன்று மலைநாட்டில் நடைப்பயணம் மீண்டும் பெருகியுள்ளது. கண்டியின் அயலிலிருந்து ஹப்புத்தளை, எல்ல ஊடாக நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ’ நடைபாதை 22 பகுதிகளாக வகுக்கப்பட்டு, அயல்நாட்டாரையும் ஈர்க்கின்றது. (அப்பாதையிற் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளர் கொழுந்துக் கூடையுடன் தேய்த்த பாதையே என்பதை நடப்போர் அறிதல் நன்று.) தவளப் பாதைக்கோ அத்தகைய அறிவிப்புப் பலகை இல்லை. அதன் நடுவிலிருந்த காட்டிற் பெரும்பகுதி 1983 இல் மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. வேட்டையும் தேனெடுப்பும் தடுக்கப்பட்டன. தம்பானை வேடர் பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் முதுதலைவர் திசாஹாமி செல்ல மறுத்துத் தம்பானையிலேயே வாழ்ந்து, 1998 இல் மறைந்தார். அவர் மைந்தர் வன்னில எத்தோ 1996 இல் ஜெனீவா சென்று ஐக்கிய நாடுகள் அவையில் தம் மக்களின் உரிமையை எடுத்துரைத்தார். 2020 இல், மகா ஓயாவை அடுத்த பொல்லேபெத்தைக் காடு சோளச் செய்கைக்காக வெட்டப்பட்டபோது, அவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும் நாடினார். அன்று தவளங்கள் மட்டக்களப்புச் சமவெளிக்கு இறங்கிய பக்கத்திலேயே அக்காடு உள்ளது.