லாரியின் விசிறியையும் கிளட்ச்சையும் கழற்றும் முறை

நூல் கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் சுமந்து செல்லும் டீசல் லாரி, மேட்டுப் பாதையில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடுமாயின், நட்டம் லாரியோடு நிற்பதில்லை. காய்கறி வாடும், தறியும் நூலுக்குக் காத்திருக்கும். இக்கோளாற்றுக்குக் காரணமாகக்கூடிய உறுப்புகளுள் ஒன்று விசிறிக் கிளட்ச். அதைக் கழற்றும் முறையை அறிந்திருந்தால், பட்டறையில் நடைபெறும் வேலை செம்மையானதா என்பதை நாமே மதிப்பிடலாம்.

இஞ்சின் குளிர்ந்திருக்கையில் விசிறி முழு வேகத்தில் சுழலத் தேவையில்லை. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடேறியதும், கிளட்ச்சின் முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் வளைந்து உள்வால்வைத் திறக்கும். பிசுபிசுப்பான சிலிகோன் திரவம் உள்ளே பரவி, விசிறியைக் கப்பியோடு பிணைத்து விரைவாகச் சுழற்றும். சூடு தணிந்ததும் பிணைப்பு தளரும், டீசலும் மிச்சமாகும். மின்கம்பியால் இயக்கப்படும் கிளட்ச்சுகளும் உண்டு.

புதிய கிளட்ச் வாங்குமுன் ரேடியேட்டர் நீரின் அளவு, பெல்ட்டின் இறுக்கம், ரேடியேட்டரில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். பின்னர், நிறுத்திய குளிர்ந்த இஞ்சினில் விசிறியைக் கையால் சுழற்றுக. தடையே இன்றிச் சுற்றிக்கொண்டே இருந்தாலும், கிளட்ச்சின் மீது எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும், இதழ்கள் ஆடினாலும் கிளட்ச்சின் மீது ஐயம் கொள்ளலாம்.

கழற்றும் வேலைக்கு லாரியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். இஞ்சின் முற்றிலும் ஆறிய பின்பே தொடங்குக; கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் பெரும் ஆபத்து. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. மின்கம்பியுள்ள கிளட்ச்சாயின் அதன் இணைப்பையும் நீக்குக. ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடையே கெட்டி அட்டையைச் செருகினால் மெல்லிய தகடுகள் நசுங்கா. அடுத்து, விசிறியைச் சூழ்ந்த உறையின் போல்ட்டுகளைக் கழற்றுக.

சில லாரிகளில் கிளட்ச் பல போல்ட்டுகளாலும், சிலவற்றில் நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டாலும் பிணைக்கப்பட்டிருக்கும். போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்தினால் கப்பி உடன்சுழலாது. பெரிய நட்டாயின் கப்பியைப் பிடித்து நிறுத்தத் தனிக் கருவி வேண்டும். அதன் மரை இடப்புறமாகவோ வலப்புறமாகவோ இருக்கலாம். அந்த லாரியின் கையேட்டைப் பாராது பலம் கொடுத்தால் மரை கெடும், ஸ்பானர் நழுவிக் கையும் காயப்படும். இறுதிச் சுற்றுகளில் ஒருவர் விசிறியைத் தாங்கிக்கொள்வது நலம். பல லாரிகளில் உறையையும் விசிறியையும் சேர்த்தே வெளியே எடுக்க நேரும்.

எடுத்த கிளட்ச்சைத் தரையில் படுக்க வைத்தலாகாது. படுத்தால் சிலிகோன் திரவம் தாங்கிக்குள் இறங்கி, நல்ல கிளட்ச்சும் பாழாகும். லாரியில் இருந்த நிலையிலேயே நிமிர்த்தி வைத்தல் வேண்டும். இதழில் விரிசலோ வளைவோ காணின் விசிறியை மாற்றுக. தட்டி நிமிர்த்துதல் தகாது. அந்த இதழ் ஓடும் இஞ்சினில் உடைந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும். அருகில் நிற்பவரின் உயிருக்கும் தீங்காகும்.

திரும்பப் பூட்டும்போது கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்கி, அட்டையை எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றி எங்கும் உரசாமையை உறுதி செய்துகொள்ள வேண்டும். மாற்றிய தேதியையும் லாரி ஓடிய தூரத்தையும் சங்கத்தின் பழுதுப் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பில் வரும்போது பேச்சுக்கே இடமிராது.